கொங்கு வட்டார கிராஃபிக் டிசைனர்களுக்கு ஒரு சங்கம்: முதலில் எதைச் செய்ய வேண்டும்?

நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்குச் செஸ்ட் பிரிண்ட் (சட்டையின் மார்பில் அச்சிடும் படம்), ஹேங் டேக் (சட்டையில் தொங்கும் அட்டை), பாலிபேக், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கான ஆர்ட்வொர்க் செய்து வருகிறேன். சென்ற ஆண்டு குழந்தைகள் ஆடை தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஆறு செஸ்ட் பிரிண்ட் மாதிரிகள் வரைந்து கொடுத்தேன். அவற்றுள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, அந்த இரண்டுக்கு மட்டும் பில் போடச் சொன்னார்கள். அந்தப் பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. வேண்டாம் என்று அவர்கள் ஒதுக்கிய நான்கில் மூன்றை இந்தச் சித்திரையில் காதர்பேட்டைக் கடை வாசலில் தொங்கிய சட்டைகளில் பார்த்தேன். நிறம் மட்டும் மாறியிருந்தது. யானைக்குட்டியின் காதில் நான் கவனிக்காமல் விட்ட ஒரு கோட்டுப் பிசகுகூட அப்படியே இருந்தது. கேட்டதற்கு, “சாம்பிளுக்குக் குடுத்ததுதானுங்களே, அதுக்கு எதுக்குங்க தனியாப் பணம்” என்றார்கள். எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளில் நடந்தவை.

என்னைப் போன்ற பத்துப் பதினைந்து பேர் கூடி, சங்கம் தொடங்கலாம் என்று பேசியிருக்கிறோம். இந்த மண்ணுக்குச் சங்கம் புதிதல்ல. கோவையின் சிறுதொழில்களுக்குக் கொடிசியா என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் 1990-இல் தங்களுக்கென்று சங்கம் அமைத்துக்கொண்டார்கள். நமக்கு வேலை கொடுப்பவர்கள் ஒன்றாக நிற்க, வேலை செய்யும் நாம் தனித்தனியாக அவர்கள் வாசலில் நிற்கிறோம். ஆனால் கூடிய முதல் நாளிலேயே எங்களுக்குள் கருத்து பிரிந்துவிட்டது. குறைந்தபட்ச விலைப்பட்டியல் போடுவதே முதல் வேலை என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். உங்கள் எண்ணங்களை விரிவாக எழுதும்படி வேண்டுகிறேன்.

பீளமேட்டுக்காரன் (கோயம்புத்தூர்)

நான் விலைப்பட்டியலின் பக்கம் நிற்கிறேன், அதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். ஐந்து பேரை வைத்து ஸ்டுடியோ நடத்துகிறேன். பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர் நிறுவனங்களின் கேட்டலாக்குகளும் பெட்டி வடிவமைப்புகளும் எங்கள் வேலை. ஒரு பம்பு நிறுவனத்தின் லோகோவுக்கு மூன்று வாரம் உழைத்து, முப்பது கோட்டோவியங்களை வரைந்து அழித்து, கடைசியில் நான் கொட்டேஷன் கொடுக்கும்போது, ஃப்ளெக்ஸ் கடையில் ஐந்நூறு ரூபாய்க்கு முடித்துத் தருகிறார்களே என்று கேட்கிறார்கள். கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஊரறிந்த நாள்கூலி உண்டு. அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதில்லை. நம் வேலைக்கு மட்டும் ஊரறிந்த விலை என்ற ஒன்று இல்லாததால், கல்லூரியிலிருந்து புதிதாக வந்த பிள்ளை என்ன விலை சொல்கிறதோ அதுவே சந்தை விலையாகிவிடுகிறது. பட்டியல் ஒன்று அச்சடித்து ஒவ்வொரு ஸ்டுடியோவின் சுவரிலும் மாட்டினால் பாதிப் பிரச்சினை அன்றே தீரும் என்பது என் நம்பிக்கை.

பவானிக்கூடல் (ஈரோடு)

நான் டிசைனர் அல்லள், வழக்குரைஞர். கணவர் அச்சகம் நடத்துவதால் இந்தத் தொழிலின் வரவு செலவு எனக்குப் பழக்கமானது. பீளமேட்டு அண்ணனின் வேதனை நியாயமானது. ஆனாலும், இதற்குக் கீழே யாரும் வேலை எடுக்கக் கூடாது என்று சங்கத்தின் பெயரில் தீர்மானம் போடுவது ஆபத்தான காரியம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்களோ அவர்களின் சங்கமோ நேரடியாகவோ மறைமுகமாகவோ விலையை நிர்ணயிக்கும் உடன்பாடுகளைத் தடுக்கிறது. மருந்து வணிகர் சங்கங்கள் சிலவற்றின் மீது போட்டி ஆணையம் நடவடிக்கை எடுத்ததும் இந்தப் பிரிவின் கீழ்தான். கொத்தனாரின் நாள்கூலி ஊர் வழக்கத்தில் தானாக உருவானது. அதை எந்தச் சங்கமும் தீர்மானம் போட்டு அறிவிக்கவில்லை. தொழிலாளர்கள் முதலாளியிடம் கூட்டாகப் பேசிப் பெறும் ஊதியமும் வேறு. தனித்தனியே தொழில் நடத்துபவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் விலை வேறு.

இதே சிக்கலை அமெரிக்கச் சங்கங்களும் சந்தித்தன. 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், விலைப்போட்டியில் இறங்கக் கூடாது என்று உறுப்பினர்களைக் கட்டுப்படுத்திய பொறியாளர் சங்கத்தின் விதியைச் செல்லாது என்றது. 1967-இல் தொடங்கிய கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு, விலையை ஆணையாக இடாமல், எந்த வகை வேலைக்கு நடப்பில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைத் தொகுத்து, மாதிரி ஒப்பந்தங்களோடு சேர்த்து 1973 முதல் கையேடாக வெளியிட்டு வருகிறது. 1914-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏஐஜிஏ என்ற வடிவமைப்பாளர் அமைப்பு, வடிவமைப்புச் சேவைக்கான மாதிரி ஒப்பந்தப் படிவத்தைத் தயாரித்து எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1996-இல் இயற்றிய சட்டத்தின்படி, தேர்வு பெற்ற உறுப்பினர்கள் பதிவுபெற்ற கிராஃபிக் டிசைனர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். இந்த மூன்றில் ஒப்பந்தப் படிவம் ஒன்றுதான் அடுத்த மாதமே நம்மால் செய்யக்கூடியது.

தறிநாடா (சோமனூர்)

அக்கா சட்டம் சொன்னார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஆறு விசைத்தறிகள் ஓடின. அப்பா கூலிக்கு நெய்தவர். பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், துணியாக்கி மீட்டர் கணக்கில் கூலி வாங்குவோம். சோமனூர், பல்லடம் பக்கத்தில் கூலி உயர்வுக்காகச் சங்கங்கள் போராடுவதும், ஆட்சியர் முன்னிலையில் உட்கார்ந்து பேசுவதும், கையெழுத்தாவதும் நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பார்த்த காட்சிகள். நம் சங்கத்தைப் போலன்றி அங்கே பேச்சு நடந்தது வேலை கொடுப்பவருக்கும் செய்பவருக்கும் இடையே. அரசே நடுவில் இருந்தது. அப்படியிருந்தும் 2014-இல் ஒப்புக்கொண்ட கூலியைப் பின்னர் பலர் குறைத்துவிட்டார்கள். 2022-இன் தொடக்கத்தில் மறுபடியும் தறிகள் பல வாரம் நின்றன. எங்கள் தெருவில் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை; பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் தூங்கியவர்களுக்கு இரவில் தூக்கம் வரவில்லை.

எழுதிக் கையெழுத்திட்ட விலையே ஆள் கிடைக்காத நாளில் உயர்ந்து, ஆர்டர் இல்லாத மாதத்தில் சரிந்தது என்றால், சுவரில் மாட்டிய பட்டியல் எத்தனை நாள் நிற்கும்? ஆர்டர் குறையும் மாதத்தில் அதை முதலில் மீறுவது நம்மில் ஒருவராகத்தான் இருப்பார். அவர்மீது கோபப்படவும் முடியாது, அவர் வீட்டிலும் அரிசி வாங்க வேண்டும்.

அப்பாவை ஒருமுறை காப்பாற்றியது வேறு ஒன்று. எத்தனை கிலோ நூல் வந்தது, எத்தனை மீட்டர் போயிற்று என்பதை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் துணி எடுக்க வந்தவரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். பாக்கித் தகராறு வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அந்த நோட்டை விரித்து வைத்தார். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. டிசைனர் தொழிலுக்கு வந்த பிறகு அந்த நோட்டு எனக்கு இல்லையே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

நொய்யல்கரை (திருப்பூர்)

சோமனூர்த் தம்பியின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் இழந்ததும் அந்த நோட்டைத்தான். பவானிக்கூடல் அக்காவிடம் இரண்டு கேள்விகள். ஒப்பந்தமே இல்லாமல் கொடுத்த வேலை யாருக்குச் சொந்தம்? ஒப்பந்தம் இருந்தும் பணம் வராவிட்டால், நீதிமன்றத்துக்கு அலையாமல் வேறு வழி உண்டா?

பவானிக்கூடல் (ஈரோடு)

முதல் கேள்வி பெரியது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படம், வரையச் சொன்ன ஓவியம், உருவப்படம் போன்றவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு. அவை செய்யச் சொன்னவருக்கே சேரும். கூலிக்கு எடுத்து நீங்கள் வரைந்த லோகோவும் பெட்டி வடிவமும் அந்தப் பட்டியலில் பெயர் குறித்துச் சொல்லப்படாதவை. உரிமையை மாற்றிக் கொடுக்க 19-ஆம் பிரிவு கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கிறது. அந்த எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், இடம் குறிக்காவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பில் கட்டிவிட்டால் எல்லாம் கட்டியவருக்கே சொந்தம் என்று நம் வட்டாரத்தில் இருதரப்பும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

திருப்பூர்க்காரர்கள் 15-ஆம் பிரிவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வடிவமைப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல், அதைப் பொருள்களில் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ ஆக்கிவிட்டால், அதற்கான பதிப்புரிமை அற்றுப்போகிறது. மெத்தைத் துணி வேலைப்பாடுகள் பற்றிய மைக்ரோஃபைபர்ஸ் வழக்கில் 2009-இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பொருத்தித்தான் பார்த்தது. ஐம்பது சட்டை என்பது ஸ்கிரீன் பிரிண்டிங் மேசையில் அரை மணி நேர வேலை. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில், வெளியிடுவதற்கு முன்பே பதிவு செய்தால் பத்தாண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டும் பாதுகாப்பு உண்டு. தனி ஒருவர் ஒவ்வொரு செஸ்ட் பிரிண்ட்டையும் பதிவு செய்வது ஆகாத காரியம். எதைப் பதிவு செய்வது, எதை விட்டுவிடுவது என்று மாதம் ஒரு நாள் உட்கார்ந்து சொல்ல ஒருவரைச் சங்கம் அமர்த்தலாம். நான் வரத் தயார்.

இரண்டாவது கேள்விக்கு, ஆம், வழி உண்டு. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சரக்கு விற்பவருக்கு மட்டுமன்றிச் சேவை தருபவருக்கும் பொருந்தும். இத்தகைய தொழில்களுக்காக 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் என்ற அரசுப் பதிவு இலவசம். அதைப் பெற்றவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டுவட்டி சேரும். முறையீட்டை இணையத்தில் பதிந்தால், இந்தச் சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுமம் விசாரிக்கும். குழுமத்தின் முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக விரும்பும் வாங்குபவர் அத்தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பதிவை வேலை எடுப்பதற்கு முன்பே செய்து வைத்திருங்கள். பிந்தி எடுத்த பதிவு முந்தைய வேலைக்குச் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். குழுமத்திலும் தாமதம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். ஆயினும், வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதி, குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய காலத்தில் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாதபடி செய்தது முதல், மார்ச் மாதத்தில் பல நிறுவனங்களின் கணக்காளர்களே அழைத்துப் பாக்கி எவ்வளவு என்று கேட்கிறார்கள்.

அமராவதி (கரூர்)

வீட்டு உபயோக ஜவுளி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என்னைப் போன்றவர்களையும் சங்கம் நினைக்க வேண்டும் என்று கேட்கவே எழுதுகிறேன். உரிமை நிறுவனத்தினுடையது என்பது சரி. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் ஒன்பது ஆண்டு வேலையில் ஒன்றைக்கூட என் வேலை என்று வெளியே காட்ட அனுமதி இல்லை. பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்தபடி வேலை தேடியபோது, காட்டுவதற்கு எதுவுமே இல்லாத கையோடு நின்றேன். விற்பனைக்கு வந்து ஓராண்டு கழிந்த டிசைன்களைத் தன் வேலைத்தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியைப் பணி நியமனக் கடிதத்தில் சேர்க்கும்படி சங்கம் நிறுவனங்களிடம் கேட்டுப் பெற்றுத் தந்தால், என்னைப் போன்ற பெண்கள் பலருக்கு அது பெரிய உதவி.

அச்சுக்கோப்பு (நாமக்கல்)

எனக்கு அறுபத்து மூன்று வயது. ஈய எழுத்தைக் கையில் கோத்த காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். எல்லாரும் வாடிக்கையாளர் செய்யும் தவறுகளைப் பேசுகிறீர்கள். நாம் செய்யும் தவறுகளுக்கும் சங்கத்தில் இடம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முட்டைப் பெட்டிக்கு வடிவமைப்பு செய்த இளைஞர், பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் தட்டிய தமிழ் வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றி இன்டிசைனில் ஒட்டியிருக்கிறார். அந்த மென்பொருளில் இயல்பாக இருக்கும் பத்தி அமைப்பான் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்காது; வேர்ல்டு ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பும் காலும் உரிய இடத்தில் நிற்கும். அது தெரியாததால் ‘கோழி’ என்ற சொல்லில் இரட்டைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஐயாயிரம் பெட்டி அச்சான பிறகுதான் கண்டார்கள். ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி) பார்த்து வாடிக்கையாளர் கையெழுத்திட்ட தாள் எதுவும் இல்லை. மொத்த நட்டமும் அந்த இளைஞர் தலையில் விழுந்தது. அவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை.

பக்கத்தில் கேட்க ஆள் இருந்திருந்தால் அந்தப் பையன் தப்பியிருப்பான். தமிழ் எழுத்தைக் கையாளும் முறையை நம் வட்டாரக் கல்லூரிகளில் எவரும் பாடமாக நடத்தி நான் பார்த்ததில்லை. ஒருவரிடம் ஒருவர் கேட்டுத்தான் கற்கிறோம். பவானம், முக்தா மலர், காட்டமரான், மீரா இனிமை போன்ற தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இருந்தும் எங்கிருந்தோ வந்த திருட்டு எழுத்துருவை ஏற்றுமதிப் பெட்டியில் போடுகிறார்கள். நம் டிசைனைத் திருடாதே என்று கேட்கும் சங்கம், எழுத்துரு செய்தவரின் உழைப்பை எடுத்தாள்வதையும் கண்டிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கற்றுத்தர எனக்குச் சம்மதம்.

வடவள்ளி மாணவி (கோயம்புத்தூர்)

இறுதியாண்டு படிக்கிறேன். ஐந்நூறு ரூபாய்க்கு லோகோ செய்பவர்களில் நானும் ஒருத்தி என்பதால் தயங்கித் தயங்கி எழுதுகிறேன். எனக்கு விலை சொல்லத் தெரியாது. ‘முதலில் செய்து காட்டு, பிடித்தால் பணம்’ என்பவரிடம் என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. போட்டிகளில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று கேட்கிறார்கள்.

பீளமேட்டுக்காரன் (கோயம்புத்தூர்)

தங்கச்சி, உன் மேல் எனக்கு இருந்த கோபம் இந்தப் பதிவைப் படித்ததும் போய்விட்டது. ரூபாய்க் குறியீட்டுக்கு மத்திய அரசு நடத்திய போட்டியில் விதிகளும் இரண்டரை லட்ச ரூபாய்ப் பரிசும் முன்பே அறிவிக்கப்பட்டவை. 2010-இல் நம் தமிழ்நாட்டு உதயகுமாரின் வடிவம் தேர்வானது. நாட்டுக்கே பொதுவான ஒரு குறியீட்டுக்கு அப்படி நடத்துவது வேறு, ஒரு கடைக்காரர் நான்கு பேரைத் தனித்தனியாக அழைத்து, நான்கு பேரிடமும் வேலை வாங்கி, ஒருவருக்கு மட்டும் பணம் தருவது வேறு. செய்து காட்டச் சொன்னால் பழைய வேலைகளைக் காட்டு. அவர் பெயரில் புதிதாக வரையச் சொன்னால் பாதி அட்வான்ஸ் கேள். தர மறுப்பவர் வேலை முடிந்த பிறகும் தர மாட்டார்.

விலைப்பட்டியல் பற்றிய என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆணையாக வேண்டாம். ஆனால் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைப் பெயர் இல்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை திரட்டி வெளியிடத்தான் வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தப் பெண்ணுக்கு அது கையில் இருந்திருந்தால் ஐந்நூறு சொல்லியிருக்க மாட்டாள்.

பவானிக்கூடல் (ஈரோடு)

பழைய வேலைகளின் விலைகளை, யாருடையது என்று தெரியாதபடி தொகுத்து, ‘இதுவே வாங்குங்கள்’ என்ற சொல் எங்கும் வராமல் வெளியிடுங்கள். இடர் மிகவும் குறையும். பதிவுக்கு 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆண்டுதோறும் கணக்கு தாக்கல் செய்யத் தவறாதீர்கள். பல சங்கங்கள் அதில்தான் முடங்கிப்போகின்றன.

நொய்யல்கரை (திருப்பூர்)

எல்லார் சொன்னதையும் வைத்து ஒரு பக்க ஒப்பந்தப் படிவத்துக்கு வரைவு எழுதியிருக்கிறேன். தமிழில்தான் எழுதினேன், நமக்கு வேலை தருபவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதற்காக.

ஒன்று, வேலையின் விவரமும் மாதிரிகளின் எண்ணிக்கையும், எத்தனை முறை திருத்தம் செய்து தரப்படும் என்பதும். இரண்டு, பாதித் தொகை முன்பணம். மூன்று, தேர்ந்தெடுக்காத மாதிரிகள் வடிவமைப்பாளருக்கே சொந்தம்; நிறம் மாற்றியும் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. நான்கு, மீதித் தொகை பில் தந்த நாளிலிருந்து 45 நாளுக்குள். ஐந்து, முழுத் தொகையும் வந்த பிறகே, தேர்ந்தெடுத்த டிசைனின் உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று குறித்து மாற்றித் தரப்படும். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) தேவையென்றால் அதற்குத் தனிக் கட்டணம். ஆறு, அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபில் வாடிக்கையாளர் கையெழுத்து. ஏழு, வெளியான வேலையை வடிவமைப்பாளர் தம் தொகுப்பில் காட்டலாம்.

குறை இருந்தால் திருத்துங்கள். வரும் ஞாயிறு கூட்டத்தில் இதைப் படிக்கப் போகிறேன்.

பவானிக்கூடல் (ஈரோடு)

நான்காவது வரியை மட்டும் மாற்றுங்கள். ‘பில் தந்த நாளிலிருந்து’ என்பதை ‘வேலையைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்து’ என்று எழுதுங்கள். சட்டத்தின் 45 நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெற்ற 15 நாளுக்குள் எழுத்தில் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்பதையும் அதே வரியில் சேருங்கள். கோப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் நாளை நிரூபிப்பது கடினம்.

அச்சுக்கோப்பு (நாமக்கல்)

ஆறாவது வரியில், தமிழ் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தேன் என்று வாடிக்கையாளர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட இடம் விடுங்கள். நூறு படிகள் என் செலவில் அச்சடித்து ஞாயிறு காலையில் கொண்டுவருகிறேன்.